ரெண்டாவது பீரியட்

வாங்க, வாங்க. செருப்பை உள்ளேயே ஓரமா விடுங்க. வெளியில விட்டா தெரு நாய் ஒத்தைச் செருப்பைத் தூக்கிட்டுப் போயிடும். உக்காருங்க. மேல் போர்ஷன் சாவியை இவரு எங்க வெச்சிட்டுப் போனாருன்னு தெரியல. போன் போட்டேன், மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்னாரு. அதுக்குள்ள ஒரு காபி குடிங்க. ரேணுகாதானே உங்க பேரு? புரோக்கர் சொன்னான். ஒரே பொண்ணு, ஒன்பதாவதுல சேக்கணும், வீட்டுக்குப் பக்கத்துலயே ஸ்கூல் வேணும்னு. அப்படின்னா சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கீங்க.

டொக்கு டொக்குன்னு கேக்குதே, அது கொத்தனார். பின்சுவத்துல ஒரு சின்ன அடைப்பு வேலை. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். நீங்க குடி வரும்போது எந்தச் சத்தமும் இருக்காது.

திருமகள் நகர்ல படிப்பு எப்படின்னு தெரிஞ்சுக்க நீங்க எங்கேயும் அலைய வேணாம். எங்க வீட்டுல வாசல்லேருந்து சமையல்கட்டு வரைக்கும் நடந்தா போதும். வாசல்ல நின்னா எதிர்ல ப்ளூ ஆர்ச்சர்ட் மெட்ரிக். பாத்திருப்பீங்களே, நாலு மாடி, முன்னாடி பூரா கண்ணாடி. ரிசப்ஷன்ல ஏசி, பெரிய மீன் தொட்டி. உள்ள போனா பாத்ரூம்ல கூட செண்ட் வாசனை. சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தா பின்னாடி கவர்மென்ட் மேல்நிலைப்பள்ளி. அங்க என்ன வாசனைன்னு நான் சொல்ல வேணாம். மைதானம்னு ஒண்ணு இருக்கு, மழை பெஞ்சா குளம், வெயில் அடிச்சா புழுதி. பிள்ளைங்க எப்பப் பாத்தாலும் ஓடிக்கிட்டே இருக்கும். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க ஓடலாமா? ஆர்ச்சர்ட்ல ஒரு பிள்ளை ஓடி நான் பாத்ததில்ல. வரிசையா, வாயில விரலை வெச்சுக்கிட்டு, ரயில் பெட்டி மாதிரி போகும். அது ஸ்கூலு.

எங்க மிருதுளா எல்கேஜிலேருந்து ஆர்ச்சர்ட்தான். இப்ப பதினொண்ணாவதும் ஆர்ச்சர்ட்தான், இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அட்மிஷன். அதோ பாருங்க, யூனிஃபார்ம் தெச்சு வந்து கொடியில தொங்குது, கோட்டெல்லாம் உண்டு. நடுவுல ஒரே ஒரு வருஷம்தான் கொஞ்சம் அப்படி இப்படி ஆயிடுச்சு. அதைச் சொல்றேன். உங்களுக்கும் பொண்ணு இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்குங்க.

ஆர்ச்சர்ட்ல நான் சும்மா ஃபீஸ் கட்டிட்டு வந்த அம்மா இல்ல. பேரன்ட்ஸ் கமிட்டியில இருந்தேன். முன் வரிசை நாற்காலி. பிரின்சிபல் மேடம் என்னைப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அந்த ஸ்கூலோட கண்டிப்பு இருக்கே, இந்த ஏரியாவுல யாருக்கும் வராது. தமிழ்ல பேசினா கழுத்துல ஒரு அட்டை மாட்டிவிடுவாங்க. மிருதுளா மூணாவது படிக்கும்போது தண்ணி வேணும்னு தமிழ்ல கேட்டுட்டான்னு சாயங்காலம் வரைக்கும் அட்டையோட நின்னா. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. நான் சொன்னேன், அழாதே, உன் நல்லதுக்குத்தான்னு. அதுக்கப்புறம் அவ ஸ்கூல்ல தண்ணியே கேக்கறதில்ல. அவ்வளவு ஒழுங்கு.

படிப்புலயும் முன்யோசனை பாருங்க. ஒன்பதாவது பாடத்தை ஆகஸ்ட்டோட மூடிடுவாங்க. செப்டம்பர்லேருந்து பத்தாவது போர்ஷன். ஒன்பதாவது மார்க்கை யாரு கேக்கப்போறா? பத்தாவதுதானே ஃப்ளெக்ஸ்ல வரும். நூற்றுக்கு நூறு தேர்ச்சின்னு ஸ்கூலோட மூணாவது மாடிலேருந்து தொங்கும் பாருங்க ஃப்ளெக்ஸ், எங்க படுக்கையறை ஜன்னலே அதுல மறைஞ்சு போகும். இவரு முணுமுணுப்பாரு, காத்து வரலன்னு. இவரு பின்னாடி இருக்கற கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சவரு. அதான் பாருங்க, அசிஸ்டன்ட் இன்ஜினியராவே இருக்காரு, மேல போகவே இல்ல.

அந்தப் பின்சுவர் இருக்கே, அது முந்தி இடுப்பு உயரம்தான் இருந்துச்சு. பந்து வந்து எங்க துணி துவைக்கற கல்லுல விழும். எடுக்க ஒரு கூட்டம் எட்டிக் குதிக்கும். ஆன்ட்டி, ஆன்ட்டின்னு அதுங்க கூப்பிடறதைக் கேக்கணுமே. எனக்கு உடம்பெல்லாம் எரியும். யாருக்கு யாருடா ஆன்ட்டி? கவுன்சிலர் வீட்டுக்கு நடையா நடந்தேன். சுவத்தை ஒரு ஆள் உயரத்துக்கு ஏத்தி, மேல கண்ணாடிச் சில்லும் பதிக்க வெச்சுட்டேன். தெருவே என்னைக் கொண்டாடுச்சு.

சர்க்கரை போதுமா? சரி.

மிருதுளா ஒன்பதாவது படிக்கும்போது கமிட்டி மீட்டிங். அடுத்த வருஷ ரிசல்ட் பத்திப் பேச்சு. எல்லாரும் பஸ் ஃபீஸ், கேன்டீன் சமோசான்னு பேசிட்டிருக்காங்க. நான் எழுந்து நின்னு கேட்டேன். நூறு சதவீதம்னு ஊர் பூரா போர்டு வெக்கறோம், படிக்காத நாலு பிள்ளைங்களை எதுக்கு பத்தாவது வரைக்கும் இழுத்துட்டு வரணும், அது நல்லாப் படிக்கற பிள்ளைங்களுக்குச் செய்யற துரோகம் இல்லையான்னு. கைத்தட்டல்னா கைத்தட்டல். பார்கவின்னு ஒருத்தி, எதிர்ல ஸ்கூலை ஒட்டின பிளாட்டு, எதுக்கும் யாரையும் பாராட்ட மாட்டா. அவளே வந்து கையைக் குலுக்கினா. பிரின்சிபல் மேடம், இந்த அம்மா மாதிரி எல்லாரும் யோசிச்சா நல்லா இருக்கும்னாங்க.

அந்த வருஷம் முழுப்பரீட்சை முடிஞ்சதும் ஒவ்வொரு வீட்டுக்கா போன் வந்துச்சு. அவங்க வழக்கம் என்னன்னா, ஃபெயில் போட மாட்டாங்க. ஒன்பதாவது பாஸ்னு போட்டுத் தருவாங்க, ஆனா டிசியை வாங்கிட்டு வேற ஸ்கூல் பாத்துக்கணும். பிள்ளை மனசு நோகக் கூடாதுங்கற பெருந்தன்மை. பின் தெரு கோகிலான்னு ஒருத்தி, டெய்லர் கடை வெச்சிருக்கா, அவ பையன் தருணுக்குத்தான் முதல் டிசி. இங்க வந்து, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே நாற்காலியில உக்காந்து மூக்கைச் சிந்திட்டு அழுதா. மேடம்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்கன்னா. நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவ இல்ல. தண்ணி குடுத்தேன், ஃபேனைப் போட்டேன். ஆனா உள்ளதைச் சொல்லணும்ல? அவனுக்கு ஏத்த ஸ்கூல் பின்னாடி இருக்கு, அங்க சேத்துடு, உனக்கும் செலவு மிச்சம்னு சொல்லி அனுப்பிச்சேன்.

அடுத்த வாரம் எனக்கு போன் வந்துச்சு.

கமிட்டி விஷயமா இருக்கும்னு பட்டுப் புடவை கட்டிட்டுப் போனேன். மேடம் சிரிச்சுக்கிட்டே உக்காரச் சொன்னாங்க. மிருதுளாவுக்குக் கணக்கு கொஞ்சம் சரியில்ல, அது எனக்கும் தெரியும். கொஞ்சம்னா, வரவே வரல. அது அவளோட கவனக்குறைவு. மேடம் சொன்னாங்க, "நீங்கதானே வழி காட்டினீங்க. உங்க பொண்ணுக்கே டிசி குடுத்துட்டோம்னா அப்புறம் வேற யாரு வந்து சண்டை போட முடியும்?" வெளியில வந்து படியில உக்காந்துட்டேன். ஆனா யோசிச்சுப் பாத்தா, அந்த நேர்மை யாருக்கு வரும் சொல்லுங்க? கமிட்டி மெம்பர் பொண்ணுன்னு கூடப் பாக்கல. கொள்கைன்னா கொள்கை. அந்த ஸ்கூல் மேல எனக்கு மரியாதை ஒரு படி ஏறிடுச்சு.

அப்புறம் நான் பட்ட பாடு. பத்தாவதுக்கு எந்த பிரைவேட் ஸ்கூலும் வெளியிலேருந்து எடுக்காது. அவங்கவங்க நூறு சதவீதம் அவங்கவங்களுக்கு. தாம்பரம் வரைக்கும் ஏறி இறங்கினேன். டிசியைப் பாத்த உடனே சிரிச்சுட்டு சாரின்னுடுவாங்க. கடைசியில இவரு ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுல கை வெச்சுக்கிட்டே, பின்னாடிதான் ஸ்கூல் இருக்கேன்னாரு. நான் தட்டை வெச்ச வேகத்துல ரசம் சிதறிடுச்சு. ஆனா வேற வழி? முகத்துல துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். சொந்த வீட்டுக்குப் பின்னாடி போறதுக்கு ஆட்டோ வெச்சுட்டு சுத்திப் போனேங்க.

அந்த எச்.எம். இருக்கே, ஒரு கேள்வி கேக்கணும்ல? ஆர்ச்சர்ட்டான்னு டிசியைப் பாத்துச்சு. இந்த வருஷம் அங்கேருந்து இது அஞ்சாவதுன்னுச்சு. கையெழுத்துப் போட்டுச்சு. சாப்பிட்டியாம்மான்னு மிருதுளாவைக் கேட்டுச்சு. முடிஞ்சுது. ஒரு என்ட்ரன்ஸ் இல்ல, இன்டர்வியூ இல்ல, அப்பா அம்மா என்ன படிச்சிருக்காங்கன்னு கூடக் கேக்கல. யாரு வந்தாலும் சேத்துக்கும்னா அது என்ன ஸ்கூலு, பஸ் ஸ்டாண்டா?

தெருவுல என்ன சொல்றது? நாமக்கல்ல ஹாஸ்டல்ல சேத்துட்டோம்னு சொன்னேன். நாமக்கல்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க, சிலபேர் பொறாமைகூடப் பட்டாங்க. பார்கவி அந்த ஹாஸ்டல் நம்பரைக் கேட்டா. ஆனா ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணு தினம் காலையில எங்க வீட்டு வாசல்லேருந்து கவர்மென்ட் ஸ்கூலோட நீல சுடிதார்ல இறங்கினா எப்படி? அதுக்குத்தான் பின்சுவர். இதே கொத்தனாரைக் கூப்பிட்டு, துவைக்கற கல்லுக்குப் பின்னாடி, ஒரு ஆள் குனிஞ்சு போற அளவுக்கு உடைக்கச் சொன்னேன். கஷ்டப்பட்டு நானே ஏத்தின சுவர். அவன் கேட்டான், நீங்கதானேம்மா ஏத்தச் சொன்னீங்கன்னு. உனக்கு எதுக்குய்யா அதெல்லாம், சொன்னதைச் செய்யுன்னேன்.

காலையில அவ அந்த ஓட்டை வழியா குனிஞ்சு போவா, சாயங்காலம் குனிஞ்சு வருவா. பால்கனிக்கு வரக் கூடாது, மொட்டைமாடிக்கு வரக் கூடாது. யாராவது வந்தா உள் ரூமுக்குப் போயிடணும். நல்ல பொண்ணு, சொன்னதைக் கேட்டா. அரசாங்கச் சுவத்தை உடைச்சிருக்கோமே, அந்த எச்.எம். வந்து கத்தும்னு நினைச்சேன். ஒரு நாள் அந்தப் பக்கமா வந்து குனிஞ்சு பாத்துச்சு. நான் இந்தப் பக்கம் துணி பிழிஞ்சுக்கிட்டு நிக்கறேன். "ஏம்மா, பிள்ளை இடறி விழப்போறா, ரெண்டு கல்லை எடுத்துப் படி மாதிரி போடுங்க"ன்னுட்டுப் போயிடுச்சு. நிர்வாகத்தோட லட்சணத்தைப் பாருங்க. ஆர்ச்சர்ட்ல சுவத்துல சாஞ்சாலே ஃபைன்.

அங்க கணக்குக்கு மரகதம் டீச்சர்னு ஒண்ணு. டீச்சர்னா எப்படி இருக்கணும்? அது கால்ல ரப்பர் செருப்பு, தோள்ல ஜோல்னா பை. குரலு வேற, மைக்கே வேணாம். சமையல்கட்டு ஜன்னலுக்கு நேரா பத்தாவது வகுப்பு. ரெண்டாவது பீரியட் கணக்கு. நான் காய் நறுக்கற நேரம். வேணும்னா கேட்டேன்? காதுல வந்து விழுது. இங்கிலீஷ் மீடியம்னு பேரு, இங்கிலீஷ்ல ஒரு தடவை சொல்லும், தமிழ்ல ரெண்டு தடவை சொல்லும். முதல் மாசம் என்ன நடத்துச்சு தெரியுமா? பின்னம். பத்தாவது பிள்ளைங்களுக்கு அரை, கால், முக்கால். ஒரு சப்பாத்தியைக் கொண்டு வந்து பிச்சுக் காட்டுச்சு, நான் ஜன்னல் வழியா என் கண்ணால பாத்தேன். அப்புறம் கழித்தல் குறி. ஆர்ச்சர்ட்ல எட்டாவதுலயே ட்ரிக்னாமெட்ரி வாசனை காட்டிடுவாங்க, இங்க உக்காந்து சப்பாத்தி பிச்சிட்டிருக்கு. நான் இவர்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். இவரு சிரிக்கல.

தெரியலன்னு ஒரு பிள்ளை சொன்னா, ஆர்ச்சர்ட்ல வெளியில நிக்க வெப்பாங்க. இந்தம்மா, தெரியலயா, நல்லதாப் போச்சு, வா இங்கன்னு போர்டுக்குக் கூப்பிடும். தெரியலங்கறதுல என்ன நல்லது? அப்புறம் பாருங்க, மிருதுளாவும் கையைத் தூக்க ஆரம்பிச்சுட்டா. எனக்குத் தெரியல மிஸ்னு அவ குரல் ஜன்னல் வழியா வருது. எனக்கு மானமே போச்சு. பதினோரு வருஷம் ஆர்ச்சர்ட்ல படிச்ச பொண்ணு, தெரியலங்கற வார்த்தையை வாயில எடுத்ததே இல்ல.

ஒரு விஷயம் சொல்லிடறேன், நீங்க குடி வந்தா தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவது பீரியட்ல நான் மிக்ஸி போடறதில்ல. மிக்ஸி பழசு, காலையில சூடாயிடும். மோட்டாரும் போடறதில்ல. நீங்களும் மேல வாஷிங் மெஷின் அந்த நேரத்துல போடாதீங்க. வோல்டேஜ் குறைச்சல். முந்தி குடியிருந்தவங்க அந்த நேரத்துல டிவி வெச்சு, அதுலதான் கொஞ்சம் பேச்சு வார்த்தை ஆகி காலி பண்ணிட்டுப் போனாங்க. மரகதம் தொடர்வரிசை நடத்திட்டிருந்துச்சு அன்னிக்கு. முதல் உறுப்பு, பொது வித்தியாசம். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, என்ன கொடுமை பாருங்க.

பப்ளிக் எக்ஸாம் வந்துச்சு. இங்கதான் ஒரு அநியாயம். ஆர்ச்சர்ட் பிள்ளைங்களுக்கு சென்டர் எங்க போட்டாங்க தெரியுமா? பின்னாடி, இந்த கவர்மென்ட் ஸ்கூல்ல. அந்தப் பிள்ளைங்க அந்த பெஞ்சுல உக்காந்து எழுதணும். கமிட்டி அம்மாக்கள் எல்லாரும் டெட்டால், பேப்பர் டவலோட கேட்டுல வந்து நின்னோம். நின்னோம்னா, நானும்தான். பொண்ணு நாமக்கல்ல எழுதறா, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு பார்கவி கேட்டா. உங்களுக்கு ஒரு துணைக்குன்னேன். அதுல என்ன பொய்?

கணக்குப் பரீட்சை அன்னிக்கு மணி அடிச்சு பிள்ளைங்க வெளியில வருது. பின் வழியா போயிடுன்னு சொல்லித்தான் அனுப்பிச்சிருந்தேன். பரீட்சைக்காக அந்த ஓட்டைக்குக் குறுக்கால எதையோ போட்டு அடைச்சுட்டாங்களாம், எனக்கு எப்படித் தெரியும்? மிருதுளா நேரா முன் கேட்டுக்கே வர்றா. கூட அந்தக் கோகிலா பையன். ரெண்டும் கேள்வித்தாளைப் பாத்து பேசிச் சிரிச்சுக்கிட்டே வருது. என்னைப் பாத்ததும் அவ முகம் இப்படி மலருது. கணக்கு நல்லாப் போட்டுட்டான்னு அந்த முகத்துலயே தெரிஞ்சுது. பத்தடி தூரம். அப்ப பாத்து பார்கவி, "அது உங்க மிருதுளா மாதிரி இல்ல?"ங்கறா. எல்லாரும் திரும்பறாங்க.

"இல்லையே, யாரோ"ன்னேன்.

வேற என்ன சொல்ல முடியும், சொல்லுங்க. ஒரு வருஷமா கட்டிக் காப்பாத்தின மரியாதை. நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க. அவளும் புரிஞ்சுக்கிட்டு, என்னைத் தாண்டி நேரா போயிட்டா. புத்திசாலிப் பொண்ணு. அன்னிலேருந்து பேச்சுதான் கொஞ்சம் குறைஞ்சு போச்சு. கணக்கு எப்படி எழுதினேன்னு கேட்டா, எழுதினேன்னு ஒரே வார்த்தை. பரீட்சை டென்ஷன். அது ரிசல்ட் வரைக்கும் போச்சு. ரிசல்ட்டுக்கு அப்புறமும் போச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு டென்ஷன் அதிகம்.

கணக்குல எண்பத்தெட்டு. ஆமாங்க, எண்பத்தெட்டு. மொத்தத்துலயும் நல்ல மார்க். ஆர்ச்சர்ட்ல போட்ட அஸ்திவாரம், வேற என்ன. ஆர்ச்சர்ட் வழக்கம் போல நூறு சதவீதம், ஃப்ளெக்ஸ் தொங்குது பாருங்க. பின்னாடி ஸ்கூல்ல ஒன்பது பேர் ஃபெயில். அந்த ஒன்பது பேரையும் வீட்டுக்கு வீடு போய்க் கூட்டிட்டு வந்து, லீவுலயே உக்கார வெச்சு மறுபடி எழுத வெக்குது அந்த மரகதம். வெக்கம் இருந்தா அதை மூடி மறைக்கணும். இது தெரு பூரா நடந்து காட்டுது.

மார்க் வந்த மறுநாளே ஆர்ச்சர்ட்லேருந்து போன். நானாப் போய் நிக்கல, அவங்களாக் கூப்பிட்டாங்க. பிரின்சிபல் மேடம், மிருதுளா எங்க பொண்ணாச்சேன்னாங்க. பதினொண்ணாவது சீட்டு தயாரா இருக்கு, நடுவுல ஒரு வருஷம் எங்க படிச்சான்னு யாருக்கும் சொல்ல வேணாம், நாங்களும் சொல்ல மாட்டோம்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பெரிய மனசு. அங்கேயே யூனிஃபார்முக்கு அளவு குடுத்துட்டு வந்தேன். இவளோட பழைய அளவைத்தான் குடுத்தேன், இவ வர மாட்டேன்னுட்டா.

வர மாட்டேன்னா, ஆர்ச்சர்ட்டுக்கே வர மாட்டேங்கறா. இதே கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கறாளாம். அவளாப் போய் பதினொண்ணாவதுக்குப் பேரும் குடுத்து, வகுப்புக்கும் போக ஆரம்பிச்சுட்டா. இவரு போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்காரு, என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. அங்க பதினொண்ணாவது கணக்குக்கு ஆளே போடலைங்க. போஸ்டிங் காலியாம். அதனால மரகதமே எம்.எஸ்சி. படிச்சிருக்குன்னு அதையும் சேத்து எடுக்குதாம், அதே ரூம்ல, அதே ரெண்டாவது பீரியட். இப்படிப்பட்ட ஸ்கூல்ல இருப்பேன்னு ஒரு பொண்ணு அடம் பிடிச்சா, பெத்தவ என்ன பண்றது?

ஆனா இன்னிக்கு நாலு மணிதான் கடைசி. அதுக்கு மேல சீட்டை வேற பிள்ளைக்குக் குடுத்துடுவாங்க. அதனால ஒரு முடிவுக்கு வந்தேன். கொத்தனாரை வரச் சொல்லி ஓட்டையை அடைச்சுட்டா, இவ எப்படிப் போவா? தெருவழியா, அந்த நீல சுடிதாரோட, ஆர்ச்சர்ட் வாசலைத் தாண்டி, நாமக்கல்ல இருக்கற பொண்ணு நடந்து போக முடியுமா? முடியாதுல்ல? அப்படி ஒரு கணக்குப் போட்டேன்.

காலையில அவ குளிச்சுட்டு, கொடியில தொங்கற கோட்டைத் தள்ளிவிட்டுட்டு, அதுக்குப் பின்னாடி இருந்த நீல சுடிதாரை எடுத்துப் போட்டுக்கிட்டா. பின்பக்கம் போனா. கொத்தனார் சிமென்ட் குழைச்சிட்டிருக்கான். நான் பின்னாடியே போய் நின்னேன். பாத்தியா, வழி இல்ல, பேசாம உள்ள வான்னேன். அவ அந்த ஓட்டையை ஒரு நிமிஷம் பாத்தா. கோவமே இல்லைங்க முகத்துல, அதுதான் எனக்கு என்னமோ பண்ணுச்சு.

"அடைச்சிடும்மா, நல்லா அடைச்சிடு. எனக்கும் குனிஞ்சு குனிஞ்சு முதுகு வலிக்குது"ன்னா. திரும்பி விறுவிறுன்னு ஹால் வழியா நடந்து, முன்வாசல் கதவைத் திறந்தா. எட்டரை மணி, எல்லா வேனும் வந்து நிக்குது, தெரு பூரா ஆளுங்க. நான் கையைப் பிடிச்சேன். அவ கையை உதறல. மெதுவா எடுத்துவிட்டா. "யாராவது கேட்டா, என் பொண்ணு இல்லைன்னு சொல்லிடு. ஏற்கனவே சொன்னதுதானே"ன்னா.

போயிட்டா. நட்ட நடுத்தெருவுல, தலையைக் குனியாம. அந்தக் கோகிலா பையன் முனையில சைக்கிளோட நின்னான். ஆர்ச்சர்ட் வாட்ச்மேன் கூட திரும்பிப் பாக்கறான். எதிர் பால்கனியில பார்கவி. "யாரது உங்க வீட்டுலேருந்து போறது?"ன்னு சத்தமாக் கேக்கறா. வேலைக்கு வர்ற பொண்ணுன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். வார்த்தை வரலைங்க. நேத்து ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், அதுவா இருக்கும். அப்படியே கதவைப் பிடிச்சுட்டு நின்னுட்டு உள்ள வந்துட்டேன்.

பரவால்ல. நாலு மணி ஆக இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு. மனசு மாறுவா. நீங்க உங்க பொண்ணை கண்ணை மூடிக்கிட்டு ஆர்ச்சர்ட்ல சேத்துடுங்க. ஒன்பதாவதுன்னா சரியான நேரம். கணக்கு எப்படி, வருமா? கொஞ்சம் சுமாரா? ஐயோ, அதை அங்க சொல்லிடாதீங்க.

மணி அடிச்சுட்டாங்க. கேட்டீங்களா? ரெண்டாவது மணி. கொஞ்சம் இருங்க, அந்த ஃபேன் சத்தத்தை... நான் அணைச்சுடறேன். இங்க ஜன்னல்கிட்ட வேணா வந்து நில்லுங்க, காத்து வரும். அதுதான் மரகதம். கேக்குதா குரலு? கணங்கள், சார்புகள்னு ஆரம்பிச்சிருக்கு, நேத்து பாதியில விட்டுச்சு. இப்ப ஒரு கேள்வி கேக்கும் பாருங்க. எடுத்த உடனே கேக்காது, ஒரு சுத்து சொல்லிட்டுத்தான் கேக்கும்.

கொத்தனாரே! யோவ், கொத்தனாரே! கொஞ்ச நேரம் தட்டாதீங்க. ஆமா, கரண்டியைக் கீழ வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வாங்க. எவ்வளவு அடைச்சிருக்கீங்க? பாதியா? பாதி போதும், அப்படியே நிக்கட்டும். சிமென்ட் காஞ்சா காயட்டும்.

கேட்டுச்சு. கேள்வி கேட்டுச்சு. யாரும் கையைத் தூக்கல போல. இல்ல, தூக்கிட்டாங்க, யாரோ எழுந்திரிக்கற சத்தம்.

என்னய்யா உனக்கு இப்ப? மீதியை அடைக்கறதா வேணாமான்னா? இதைக் கேக்க உனக்கு இந்த நேரம்தான் கிடைச்சுதா? செத்த சும்மா இருய்யா. என் பொண்ணு பதில் சொல்லிட்டிருக்கா.